ஃபேர்ஃபேக்ஸ் கவுன்ட்டி பள்ளிகள்: யார் நடத்துகிறார்கள், யார் பணம் தருகிறார்கள்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

வாஷிங்டன் நகரத்தை ஒட்டிய வர்ஜீனியாவின் ஃபேர்ஃபேக்ஸ் கவுன்ட்டிக்கு (நம் ஊர் மாவட்டம் மாதிரி) குடிவரும் நம் ஆட்கள் வீடு பார்க்கும்போது முதலில் கேட்பது "ஸ்கூல் எப்படி?" என்றுதான். ஏதோ ஒரு வலைத்தளத்தில் பத்துக்கு எட்டு, ஒன்பது என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு வீட்டை வாங்கிவிடுகிறார்கள். அப்புறம் வரி பில் வரும்போதும், பள்ளி எல்லையை (எந்த வீட்டுப் பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்ற கோட்டை) மாற்றப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பும்போதும்தான், இதையெல்லாம் முடிவுசெய்கிறவர்கள் யார் என்ற சந்தேகம் வருகிறது. வார இறுதியில் பிள்ளைகளை வகுப்புக்கு விட்டுவிட்டு வாசலில் நிற்கும் பெற்றோர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஃபேர்ஃபேக்ஸ் பள்ளி நிர்வாகம்னா எவ்வளவு பெரிசு?

சுமார் 1,80,000 மாணவர்கள், 200 பள்ளிகளை ஒட்டிய எண்ணிக்கை, 25,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள். வர்ஜீனியாவில் இதுதான் பெரியது. அமெரிக்கா முழுவதும் எடுத்தாலும் முதல் பதினைந்துக்குள் வந்துவிடும். வீட்டில் பேசும் மொழிகள் 200ஐத் தாண்டும். வெள்ளையர் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், ஹிஸ்பானிக் பிள்ளைகள் கால் பங்குக்கு மேல், ஆசியர் ஐந்தில் ஒரு பங்கு அளவில், கறுப்பினத்தவர் பத்தில் ஒரு பங்கு. பணக்கார கவுன்ட்டி என்று பெயர். ஆனால் இலவச அல்லது குறைந்த விலை மதிய உணவுக்குத் தகுதி பெறும் பிள்ளைகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பின்னால் மதிப்பெண்களைப் பற்றிப் பேசும்போது இந்தக் கணக்கு தேவைப்படும்.

நம்ம ஊர் சி.இ.ஓ. மாதிரி ஒரு அதிகாரிதானே எல்லாத்தையும் நடத்துறார்?

இல்லை. தமிழ்நாட்டில் முதன்மைக் கல்வி அலுவலரை மாநில அரசு நியமிக்கும், மாற்றும். இங்கே உள்ளூர் மக்கள் 12 பேரைப் பள்ளி வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த வாரியம் ஒரு சூப்பரின்டென்டென்ட்டை ஒப்பந்தத்தில் வேலைக்கு வைக்கிறது. 2022 ஜூலையிலிருந்து அந்தப் பொறுப்பில் இருப்பவர் மிஷெல் ரீட். வாஷிங்டன் மாநிலத்தில் வேறொரு பள்ளி மாவட்டத்தை நடத்திவிட்டு வந்தவர்.

அன்றாட நிர்வாகம், ஆள் நியமனம், பஸ், பனி பெய்தால் லீவு விடுவது எல்லாம் சூப்பரின்டென்டென்ட் கையில். கொள்கை, பட்ஜெட், பள்ளி எல்லை, பள்ளியின் பெயர், ஆண்டு நாட்காட்டி ஆகியவை வாரியத்தின் ஓட்டுக்குப் போகும். உள்நாட்டுப் போரில் அடிமைமுறைப் பக்கம் நின்ற தளபதி ஜெ.இ.பி. ஸ்டூவர்ட் பெயரிலிருந்த உயர்நிலைப் பள்ளி 'ஜஸ்டிஸ்' ஆனதும், அதே பக்கத் தளபதி ராபர்ட் இ. லீ பெயரிலிருந்த பள்ளி 2020இல் கறுப்பினச் சம உரிமைப் போராளி ஜான் லூயிஸ் பெயருக்கு மாறியதும் வாரியத்தின் முடிவுகள். ஊர் இரண்டுபட்டது அப்போது.

வாரியத்துக்கு எப்படி எலெக்‌ஷன்? கட்சி உண்டா?

கவுன்ட்டியை பிராடக், டிரேன்ஸ்வில், ஃபிராங்கோனியா, ஹன்டர் மில், மேசன், மவுன்ட் வெர்னன், பிராவிடன்ஸ், ஸ்பிரிங்ஃபீல்ட், சல்லி என்று 9 தொகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். தொகுதிக்கு ஒருவர், கவுன்ட்டி முழுவதற்கும் பொதுவாக மூவர். ஆக, உங்களுக்கு என்று பார்த்தால் வாரியத்தில் நான்கு பேர் இருக்கிறார்கள். பதவிக்காலம் 4 ஆண்டு. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தேர்தல்; கடந்தது 2023 நவம்பர், அடுத்தது 2027. இவர்களோடு ஒரு மாணவப் பிரதிநிதியும் மேடையில் உட்காருவார். பேசலாம், ஓட்டுக் கிடையாது.

வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. ஆனால் வாக்குச்சாவடி வாசலில் இரண்டு கட்சிக்காரர்களும் ஆளுக்கொரு மாதிரி வாக்குச்சீட்டைக் கையில் திணிப்பார்கள். அதில் தங்கள் ஆதரவு யாருக்கு என்று அச்சடித்திருக்கும். 2023இல் ஜெயித்த 12 பேரும் ஜனநாயகக் கட்சியின் ஆதரவு பெற்றவர்கள். கட்சியில்லாத் தேர்தல் என்று சொல்வது பெயரளவுக்குத்தான்.

இந்தத் தேர்தலே புதுசு. வர்ஜீனியாவில் 1992 வரை பள்ளி வாரியத்துக்குத் தேர்தல் வைக்கச் சட்டத்தில் இடமில்லை, நியமனம்தான். ஃபேர்ஃபேக்ஸில் முதல் தேர்தல் 1995இல் நடந்தது.

நான் ஹெச்1பி. ஓட்டு கிடையாது. பிள்ளையைச் சேர்க்கலாமா? நான் சொன்னா கேப்பாங்களா?

தாராளமாகச் சேர்க்கலாம். குடியேற்ற நிலையைக் காட்டி ஒரு பிள்ளைக்குப் பொதுப்பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது என்று 1982இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அவர்கள் கேட்பது நீங்கள் இந்த எல்லைக்குள் வசிப்பதற்கான ஆதாரம்: வாடகை ஒப்பந்தமோ வீட்டுப் பத்திரமோ. அதோடு பிறப்புச் சான்று, தடுப்பூசி விவரம். வாடகைக்கு இருப்பவர் "நான் வரியே கட்டலையே" என்று கூச்சப்பட வேண்டியதில்லை. வீட்டுக்காரர் கட்டும் வரி உங்கள் வாடகையில்தான் இருக்கிறது.

ஓட்டில்லாவிட்டாலும் வாய் இருக்கிறது. முன்கூட்டியே பெயர் கொடுத்தால் வாரியக் கூட்டத்தில் பேசலாம், எழுதி அனுப்பலாம். கூட்டம் வழக்கமாக வியாழன் மாலை, லூதர் ஜாக்சன் நடுநிலைப் பள்ளி அரங்கத்தில். பேசுகிறவருக்கு எதிரே நேரம் ஓடிக்கொண்டிருக்கும், முடிந்ததும் நிறுத்திவிடுவார்கள். சொல்ல வேண்டியதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. போனால் அந்தக் கட்டடத்தையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். 1954இல் இந்தக் கவுன்ட்டி கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று திறந்த முதல் உயர்நிலைப் பள்ளி அது. அதுவரை அவர்கள் மேல்வகுப்புப் படிக்க மனாசஸுக்கோ வாஷிங்டனுக்கோ போக வேண்டியிருந்தது.

பாடத்திட்டத்தையும் வாரியம்தான் முடிவுசெய்யுதா?

அடித்தளம் மாநிலத்துடையது. ஆளுநர் நியமிக்கும் 9 பேர் கொண்ட மாநிலக் கல்வி வாரியம் மாநிலத் தலைநகர் ரிச்மண்டில் இருக்கிறது. எந்த வகுப்பில் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற எஸ்ஓஎல் வரையறையும், அதற்கான தேர்வும், ஆசிரியர் உரிமமும், பள்ளிப் படிப்பை முடிக்கத் தேவையான பாடங்களும் அங்கிருந்து வருகின்றன. 'காமன் கோர்' என்ற பொதுப் பாடத்தரத்தை வர்ஜீனியா ஏற்கவே இல்லை. அதனால் வேறு மாநிலத்திலிருந்து வந்தவர்கள் அங்கே வாங்கிய பயிற்சிப் புத்தகத்தை இங்கே அப்படியே பயன்படுத்த முடியாது. அந்த வரையறையை எந்தப் புத்தகத்தால், எந்த முறையில் நடத்துவது என்பது உள்ளூர் முடிவு.

சரி, காசு எங்கிருந்து வருது?

2026 நிதியாண்டுக்கான நடைமுறைச் செலவுப் பட்ஜெட் சுமார் 400 கோடி டாலர். இதில் ஏறக்குறைய 70 விழுக்காடு கவுன்ட்டி அரசிடமிருந்து வருகிறது. கால் பங்கு அளவுக்கு மாநிலம் தருகிறது; விற்பனை வரியில் கல்விக்கென்று ஒதுக்கும் பகுதியும் (விற்பனை விலையில் 1.125 விழுக்காடு) அதற்குள் அடக்கம். மத்திய அரசின் பங்கு மிகச் சிறியது. செலவுப் பக்கம் பார்த்தால், பத்தில் ஒன்பது பங்கு சம்பளத்துக்கும் மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் போன்றவற்றுக்கும் போய்விடும். "வெட்டிச் செலவைக் குறைத்தால் போதுமே" என்பவர்கள் மீதியிருக்கும் அந்த ஒரு பங்கில்தான் கத்தியை வைக்க முடியும். இல்லாவிட்டால் ஆளைக் குறைக்க வேண்டும்.

வாரியமே வரி போட்டுக்கலாமே? ஏன் கவுன்ட்டியைக் கேட்டு நிக்குது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். டெக்சஸிலோ நியூஜெர்சியிலோ இருந்துவிட்டு வந்தவர்களுக்குப் பள்ளிக்கென்று தனி வரி பழக்கமாகியிருக்கும். வர்ஜீனியாவில் பள்ளி வாரியத்துக்கு ஒரு சென்ட்கூட வரி போடும் அதிகாரம் இல்லை. வரி போடுவது சூப்பர்வைசர்கள் சபை. அது வேறு தேர்தலில் ஜெயித்து வந்த வேறு 10 பேர்: அதே 9 தொகுதிகளிலிருந்து ஒன்பது பேர், கவுன்ட்டி முழுவதற்கும் ஒரு தலைவர். சம்பளக் கவர் மாமியார் கையில், சமையல் மருமகள் கையில் என்கிற ஏற்பாடு.

ஆண்டுதோறும் இது ஒரே மாதிரி நடக்கும். ஜனவரியில் சூப்பரின்டென்டென்ட் தன் பட்ஜெட்டை முன்வைப்பார். பிப்ரவரியில் வாரியம் அதை ஏற்றோ திருத்தியோ "இவ்வளவு வேண்டும்" என்று கவுன்ட்டியிடம் கேட்கும். அதே சமயத்தில் கவுன்ட்டி நிர்வாகியின் பட்ஜெட் வெளியாகும். அதில் பள்ளிக்கான தொகை கேட்டதைவிடக் குறைவாக இருக்கும். ஏப்ரலில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்கள். மே மாதத்துக்குள் சபை வரி விகிதத்தையும் பள்ளிக்கான தொகையையும் முடிவுசெய்யும். கிடைத்ததற்கேற்ப வாரியம் மே கடைசியில் தன் பட்ஜெட்டை வெட்டி ஒட்டி நிறைவேற்றும். ஜூலை 1 அன்று புது நிதியாண்டு.

இதில் ஒரு நுணுக்கம். சபை மொத்தத் தொகையைத்தான் முடிவுசெய்யும். "இசை வகுப்பை எடு, கணக்கு ஆசிரியரைச் சேர்" என்று வாரியத்துக்கு உத்தரவு போட முடியாது. அதனால் வகுப்பில் பிள்ளைகள் அதிகம் என்ற புகாரை இரண்டு பக்கமும் தட்டிவிடுவார்கள். வாரியத்தைக் கேட்டால் பணம் தரவில்லை என்பார்கள், சபையைக் கேட்டால் பணம் கொடுத்தோம், எப்படிச் செலவழித்தார்கள் என்று அவர்களைக் கேளுங்கள் என்பார்கள். இரண்டும் பாதி உண்மை. என்னைக் கேட்டால், ஏப்ரலுக்கு முன் சபை உறுப்பினருக்கு எழுதுவதும், மே மாதத்தில் வாரிய உறுப்பினருக்கு எழுதுவதும்தான் பலன் தரும். செப்டம்பரில் இரண்டு பேருக்கும் எழுதி ஒன்றும் ஆகாது.

என் வீட்டு வரியில எவ்வளவு பள்ளிக்குப் போகுது? விகிதத்தைக் குறைச்சோம்னு சொல்றாங்க, பில் ஏறுதே?

2025இல் நிர்ணயித்த விகிதம், வீட்டின் மதிப்பில் ஒவ்வொரு 100 டாலருக்கும் 1.1225 டாலர். ஏழரை லட்சம் டாலர் மதிப்புள்ள வீடு என்றால் 8,418 டாலர் 75 சென்ட். கவுன்ட்டியின் பொது நிதியில் பாதிக்குச் சற்று மேல் பள்ளிகளுக்குப் போகிறது. ஆக, அந்த வீட்டிலிருந்து 4,200 டாலருக்கும் மேல் பள்ளிக்கு என்று வைத்துக்கொள்ளலாம். காருக்கு ஆண்டுதோறும் வரும் சொத்து வரியும் (100 டாலருக்கு 4.57) அதே பொது நிதியில்தான் விழுகிறது.

முந்தைய ஆண்டு விகிதம் 1.125. குறைத்தது என்னவோ உண்மை. ஆனால் ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியிலும் வீட்டின் சந்தை மதிப்பைப் புதிதாகக் கணக்கிடுகிறார்கள். மதிப்பு ஏறுகிற வேகத்துக்கு விகிதத்தில் கால் சென்ட் குறைப்பது ஈடாகாது. இதோடு, கொரோனாவுக்குப் பின் அலுவலகக் கட்டடங்கள் காலியாகி அவற்றின் மதிப்பு சரிந்ததால், சுமை வீடுகள் பக்கம் சாய்ந்தது. வீட்டு வரியை மட்டுமே நம்ப முடியாது என்றுதான் 2026 ஜனவரி முதல் உணவகச் சாப்பாட்டுக்கு 4 விழுக்காடு கவுன்ட்டி வரி வந்தது. அதே வரியை 2016இல் வாக்கெடுப்புக்கு விட்டபோது மக்கள் தோற்கடித்தார்கள். 2020இல் மாநிலச் சட்டம் மாறி, கவுன்ட்டிகள் வாக்கெடுப்பு இல்லாமலே அதைப் போடலாம் என்று ஆனது.

பக்கத்து லவுடன்ல விகிதம் 80 சென்ட்தானாமே?

ஆமாம், 2025இல் 0.805. ஆஷ்பர்ன் பக்கம் போகும்போது ஜன்னலே இல்லாத பெரிய பெரிய பெட்டிக் கட்டடங்கள் தெரியுமே, அந்த டேட்டா சென்டர்கள்தான் காரணம். உள்ளே இருக்கும் கணினிகளுக்கு உபகரண வரி உண்டு, பள்ளிக்கு அனுப்பப் பிள்ளைகள் கிடையாது. ஃபேர்ஃபேக்ஸுக்கு அப்படி ஒரு வரவு அந்த அளவில் இல்லை.

நாம இவ்வளவு வருமான வரி கட்டுறோம், ரிச்மண்ட் ஏன் குறைச்சலாத் தருது?

மாநிலம் ஒவ்வொரு ஊருக்கும் 'உள்ளூர் திறன் குறியீடு' என்று ஒன்று கணக்கிடுகிறது. சொத்து மதிப்புக்கு 50 விழுக்காடு, மக்களின் வருமானத்துக்கு 40, கடைகளின் விற்பனைக்கு 10 என்று எடை வைத்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. ஃபேர்ஃபேக்ஸுக்கு அது 0.65ஐ ஒட்டி நிற்கிறது. மாநிலம் தேவை என்று நிர்ணயிக்கும் அடிப்படைச் செலவில் 100 டாலருக்கு 65 டாலரை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், மீதியை நாங்கள் தருகிறோம் என்று அர்த்தம். தென்மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிப் பகுதிகளில் இதே கணக்கு தலைகீழாக இருக்கும்.

வசதியுள்ளவன் அதிகம் போடட்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. தகராறு அந்த "அடிப்படைச் செலவு" என்ற தொகையில்தான். ஏறக்குறைய எல்லா ஊர்களும் தங்கள் பிள்ளைகளுக்கு அதைவிட அதிகம் செலவழிக்கின்றன. சட்டமன்றத்தின் சொந்த ஆய்வுக் குழுவான ஜேலார்க் 2023இல் கொடுத்த அறிக்கை, வர்ஜீனியாவில் ஒரு மாணவருக்குக் கிடைக்கும் நிதி தேசிய சராசரியைவிட 14 விழுக்காடு குறைவு என்றது. ஃபேர்ஃபேக்ஸ் மட்டுமல்ல, ஏழைக் கவுன்ட்டிகளும் இதில் அடிபடுகின்றன. எனவே "நம் காசை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள்" என்ற புலம்பல் பாதிதான் சரி. மாநிலம் எல்லோருக்குமே கையைச் சுருக்கிக்கொண்டுதான் தருகிறது.

லாட்டரி லாபமெல்லாம் பள்ளிக்குன்னு விளம்பரம் போடுறாங்களே?

பள்ளிக்குத்தான்; 2000இல் மாநில அரசியல் சட்டத்தையே அதற்காகத் திருத்தினார்கள். ஆனால் மாநிலக் கல்விச் செலவில் அது சிறு பகுதி. அதிலும் பெரும்பாலானது மேலே சொன்ன குறியீட்டின்படி பிரிவதால், ஃபேர்ஃபேக்ஸ் கடைகளில் விற்கும் சீட்டுக்கும் ஃபேர்ஃபேக்ஸ் பள்ளிகளுக்கு வரும் தொகைக்கும் தொடர்பில்லை.

புதுக் கட்டடமும் அந்த 400 கோடியிலேயா?

கட்டடம் பெரும்பாலும் கடனில். ஒற்றைப்படை ஆண்டு நவம்பரில் வாக்குச்சீட்டின் அடியில் "பள்ளிக் கடன் பத்திரம்: ஆம் / இல்லை" என்று ஒரு கேள்வி இருக்கும். 2023இல் 43.5 கோடி டாலருக்கு மக்கள் ஆம் என்றார்கள். பத்திரத்தை வெளியிடுவது கவுன்ட்டி, அசலும் வட்டியும் கட்டுவதும் கவுன்ட்டி. கவுன்ட்டியின் உயர்ந்த கடன் மதிப்பீட்டால் வட்டி குறைவாக அமைகிறது.

சமீபத்திய பெரிய கொள்முதல் ஹெர்ன்டன் பக்கம் இருந்த கிங் அப்துல்லா அகாடமி வளாகம். சவூதி அரசு நடத்திய தனியார் பள்ளி அது. 2025இல் 15 கோடி டாலருக்கு வாங்கினார்கள். சான்டிலி, ஹெர்ன்டன் பக்கம் இருக்கும் நம் ஆட்கள் பல ஆண்டாகக் கேட்டுக்கொண்டிருந்த மேற்குப்பகுதி உயர்நிலைப் பள்ளிக்காக. புதிதாகக் கட்டினால் இதைவிட அதிகமாகியிருக்கும் என்பது வாரியத்தின் வாதம்.

ஃபால்ஸ் சர்ச்னு அட்ரஸ் இருக்கு. அப்போ எந்தப் பள்ளி?

வீடு வாங்குமுன் இதைக் கட்டாயம் பாருங்கள். வர்ஜீனியாவில் நகரம் கவுன்ட்டிக்குள் அடங்காது, தனி அரசு. ஃபால்ஸ் சர்ச் நகரத்துக்குத் தனி வாரியம், தனிப் பள்ளிகள், தனி வரி. ஆனால் தபால் முகவரியில் ஃபால்ஸ் சர்ச் என்று போட்டிருக்கும் ஏராளமான வீடுகள் ஃபேர்ஃபேக்ஸ் கவுன்ட்டியில் இருக்கின்றன. அலெக்சாண்ட்ரியாவும் அப்படியே. தபால்காரர் கணக்கு வேறு, வரிக்காரர் கணக்கு வேறு.

ஃபேர்ஃபேக்ஸ் நகரம் இன்னும் வேடிக்கை. பள்ளிக் கட்டடங்கள் நகரத்துக்குச் சொந்தம், நகரத்துக்கென்று ஒரு பள்ளி வாரியமும் உண்டு. ஆனால் பள்ளிகளை ஒப்பந்தத்தின்பேரில் நடத்திக்கொடுப்பது கவுன்ட்டி. வியன்னா, ஹெர்ன்டன் ஆகியவை நகரங்கள் அல்ல, 'டவுன்'கள். அவை கவுன்ட்டிக்குள்தான் வரும்.

கடைசியில, பிள்ளைங்க நல்லாப் படிக்கிறாங்களா?

சராசரியைக் கேட்டால், மாநில சராசரியைவிட மேல். பத்தில் ஒன்பதுக்கும் அதிகமானோர் உரிய காலத்தில் பள்ளிப் படிப்பை முடிக்கிறார்கள். 3ஆம் வகுப்பிலிருந்து எழுதும் எஸ்ஓஎல் தேர்வில் 600க்கு 400 எடுத்தால் தேர்ச்சி. அதைத் தேர்ச்சி என்று நம்பி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். மத்திய அரசின் என்ஏஇபி தேர்வின் அளவுகோலோடு ஒப்பிட்டால் வர்ஜீனியாவின் தேர்ச்சிக் கோடு நாட்டிலேயே மிகத் தாழ்ந்தவற்றில் ஒன்று. பள்ளிகளை மதிப்பிடும் முறையையும் மாநிலம் மாற்றிவிட்டது. இப்போது ஒவ்வொரு பள்ளிக்கும் 'டிஸ்டிங்விஷ்ட்', 'ஆன் டிராக்', 'ஆஃப் டிராக்', 'நீட்ஸ் இன்டென்சிவ் சப்போர்ட்' என்று நான்கில் ஒரு முத்திரை.

சராசரி மறைப்பது அதிகம். வசதியானவர்கள் வாழும் மெக்லீனில் இருக்கும் ஒரு பள்ளிக்கும் ரிச்மண்ட் நெடுஞ்சாலை ஓரமாக இருக்கும் ஒரு பள்ளிக்கும் ஒரே சூப்பரின்டென்டென்ட், ஒரே பாடத்திட்டம், ஒரே சம்பள அட்டவணை. மதிப்பெண் மட்டும் வேறு வேறு. நெடுஞ்சாலைப் பக்கம் பல பிள்ளைகள் ஆங்கிலமே இப்போதுதான் கற்கிறார்கள். வீடு விற்கும் தளங்களில் பத்துக்கு இவ்வளவு என்று போடும் எண் பெரும்பாலும் பெற்றோரின் வருமானத்தைத்தான் சொல்கிறது; ஆசிரியரின் திறமையைச் சொல்லவில்லை. ஒரு பள்ளியைப் பார்க்கிறீர்கள் என்றால், பிள்ளைகள் ஓர் ஆண்டில் எவ்வளவு முன்னேறினார்கள் என்ற வளர்ச்சி எண்ணைத் தேடுங்கள்.

கொரோனா காலம் இந்த நிர்வாகத்துக்குப் பெருமை சேர்க்கவில்லை. 2020 ஏப்ரலில் இணைய வகுப்பு தொடங்கிய முதல் நாட்களிலேயே மென்பொருள் படுத்துவிட்டது. அந்த இலையுதிர்காலத்தில் நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பாடங்களில் எஃப் (தோல்வி) வாங்கியவர்கள் 6 விழுக்காட்டிலிருந்து 11 ஆனார்கள். நிர்வாகத்தின் சொந்தக் கணக்கு இது. மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் உரிய கல்வி கிடைக்கவில்லை என்று மத்திய கல்வித் துறை கண்டறிந்து, 2022 நவம்பரில் ஈடுசெய்யும் உடன்பாட்டில் கையெழுத்து வாங்கியது.

டிஜே-வில சேர்க்கறதுக்கு இப்போ டெஸ்டே இல்லையா? கோர்ட்டுக்கெல்லாம் போச்சே, என்ன ஆச்சு?

தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி 1985இல் தொடங்கியது. நாட்டின் முதல் பள்ளி என்று பல ஆண்டு தரவரிசையில் நின்றது. ஃபேர்ஃபேக்ஸ் நடத்தினாலும் லவுடன், பிரின்ஸ் வில்லியம், ஆர்லிங்டன், ஃபால்ஸ் சர்ச் பிள்ளைகளும் சேரலாம். அவர்களுக்கான கட்டணத்தை அந்தந்த நிர்வாகம் கட்டும்.

2020 டிசம்பரில் வாரியம் நுழைவுத் தேர்வையும் 100 டாலர் விண்ணப்பக் கட்டணத்தையும் எடுத்துவிட்டது. ஆண்டுக்கு 550 இடம். ஒவ்வொரு பொது நடுநிலைப் பள்ளிக்கும் அதன் 8ஆம் வகுப்பு எண்ணிக்கையில் 1.5 விழுக்காடு இடம் ஒதுக்கீடு. மதிப்பெண் சராசரி குறைந்தது 3.5 இருக்க வேண்டும். அதோடு கட்டுரைகள், வீட்டுப் பொருளாதார நிலை போன்றவையும் கணக்கில் வரும். முதல் ஆண்டிலேயே ஆசிய மாணவர்களின் பங்கு 73 விழுக்காட்டிலிருந்து 54 ஆனது. பெற்றோர் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. அதில் இந்தியக் குடும்பங்களும் நிறைய. 2022 பிப்ரவரியில் கீழ் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2023 மே மாதத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2-க்கு 1 என்று அதை மாற்றியது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. இரண்டு நீதிபதிகள் மட்டும் எடுத்திருக்க வேண்டும் என்று எழுதினார்கள். ஆக, புது முறை நிலைத்தது.

இதனால் நமக்கு என்ன என்றால், டிஜேவுக்குப் பேர்போன நடுநிலைப் பள்ளி எல்லைக்குள் அதிக விலை கொடுத்து வீடு வாங்குவதன் லாபம் குறைந்துவிட்டது. அங்கே போட்டி அதிகம். ஒதுக்கீடு எல்லாப் பள்ளிக்கும் ஒரே விழுக்காடு. 3ஆம் வகுப்பிலிருந்து முழுநேரமாக நடக்கும், ஏஏபி என்ற மேம்பட்ட பாட வகுப்பு வேறு விஷயம். அதற்கு 2ஆம் வகுப்பில் திறன் தேர்வும் ஆசிரியர் மதிப்பீடும் உண்டு. கிடைக்காவிட்டால் மேல்முறையீடு செய்யலாம், அடுத்த ஆண்டும் முயலலாம். ஏழு வயதுப் பிள்ளையை அதற்காகக் கோச்சிங்குக்கு அனுப்பத்தான் வேண்டுமா என்பது எனக்குப் புரியாத விஷயம்.

எல்லையை மாத்தப் போறாங்களாமே? வீடு வாங்கினப்போ இந்தப் பள்ளின்னுதானே சொன்னாங்க?

சொன்னது வீட்டுத் தரகர். வாரியம் யாருக்கும் அப்படி வாக்குக் கொடுக்கவில்லை. 2024இல் வாரியம் 8130 என்ற எண்ணுள்ள எல்லைக் கொள்கையைத் திருத்தி, கவுன்ட்டி முழுவதையும் 5 ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்வது என்று முடிவெடுத்தது. சில பள்ளிகளில் வகுப்பறை போதாமல் வெளியே டிரெய்லரில் பாடம் நடக்கிறது, சில பள்ளிகள் பாதி காலி; அதைச் சரிசெய்யத்தான். இனி எந்த வீட்டுக்கும் 12 ஆண்டுக்கு ஒரே பள்ளி என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. எல்லை ஓரத்தில் வீடு பார்ப்பவர்கள் பக்கத்துப் பள்ளியையும் சேர்த்தே பார்த்துக்கொள்ளுங்கள்.

டீச்சர்ஸ் யூனியனோட ஒப்பந்தம் போட்டாச்சு. அப்புறமும் சம்பளத்துக்கு ஏன் இழுபறி?

ஊழியர் சங்கங்களோடு உள்ளாட்சிகள் பேரம் பேச வர்ஜீனியாவில் 2021 மே முதல்தான் அனுமதி. ஃபேர்ஃபேக்ஸ் வாரியம் 2023 மார்ச்சில் அதற்குத் தீர்மானம் போட்டது. 2024 ஜூனில் ஆசிரியர்கள் ஓட்டுப் போட்டுத் தங்கள் பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் வாரியம் கையெழுத்திடும் ஒப்பந்தம் சூப்பர்வைசர்கள் சபையைக் கட்டுப்படுத்தாது. நிதி ஒதுக்கும் அதிகாரத்தைப் பேரத்தால் குறைக்க முடியாது என்று சட்டமே சொல்கிறது. மாமியார், மருமகள் பதிலை இங்கே மறுபடி படித்துக்கொள்ளுங்கள்.

டிரம்ப் அரசு காசை நிறுத்திட்டா பள்ளியெல்லாம் மூடிடுமா?

மூடாது. 2025 ஆகஸ்டில், பாலின அடையாளப்படி கழிப்பறை பயன்படுத்தும் கொள்கைக்காக ஃபேர்ஃபேக்ஸ் உட்பட வடக்கு வர்ஜீனியாவின் ஐந்து நிர்வாகங்களை மத்திய கல்வித் துறை 'ஹை ரிஸ்க்' பட்டியலில் வைத்தது. செலவழித்துவிட்டுப் பிறகு கணக்குக் காட்டி வாங்கு என்ற நிலை. ஃபேர்ஃபேக்ஸும் ஆர்லிங்டனும் வழக்குப் போட்டன. மத்தியப் பங்கு சிறியது என்று முன்பே சொன்னேன். ஆனால் அது விழும் இடம் ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகள், சிறப்புக் கல்வி, மதிய உணவு. நின்றால் மெக்லீனுக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும்.

வாரிய உறுப்பினர் சரியில்லைன்னா நடுவுல நீக்க முடியுமா?

கலிஃபோர்னியா மாதிரி பதவியில் இருப்பவரை நடுவில் திரும்ப அழைக்க மக்கள் ஓட்டுப் போடும் முறை இங்கே இல்லை. அந்தப் பதவிக்குக் கடந்த தேர்தலில் விழுந்த ஓட்டில் 10 விழுக்காட்டுக்குச் சமமான கையெழுத்து வாங்கி மனுக் கொடுக்கலாம். அதன்பின் முடிவுசெய்வது மக்கள் அல்ல, நீதிமன்றம். கடமை தவறியதை நிரூபிக்க வேண்டும். "எடுத்த முடிவு எனக்குப் பிடிக்கவில்லை" என்பது செல்லாது. 2021இல் பள்ளிகள் மூடிக் கிடந்ததற்காக இங்கே அப்படி ஒரு மனு போய், விசாரணைக்கு முன்பே தள்ளுபடியானது.

என் பிள்ளை விஷயமா ஒரு புகார். நேரா வாரியத்துக்கு எழுதட்டுமா?

எழுதினால் அது கீழேதான் திரும்பி வரும். முதலில் ஆசிரியர், பிறகு பிரின்சிபல், அதற்கும் மேல் உங்கள் வட்டாரத்தைக் கவனிக்கும் உதவி சூப்பரின்டென்டென்ட் அலுவலகம். அங்கும் நகரவில்லை என்றால் உங்கள் தொகுதி வாரிய உறுப்பினர். அவரால் தனியாக உத்தரவு போட முடியாது. ஆனால் அவர் அலுவலகத்திலிருந்து ஒரு விசாரிப்பு போனால் பதில் சீக்கிரம் வரும். எல்லாவற்றையும் மின்னஞ்சலில், தேதியோடு வையுங்கள். சிறப்புக் கல்வி சம்பந்தப்பட்டதென்றால் மாநிலக் கல்வித் துறையிடம் நேரடியாகப் புகார் கொடுக்கும் வழி தனியாக உண்டு. அதற்கு பிரின்சிபலின் அனுமதி தேவையில்லை.

பொது ஆவணம் எதுவும் வேண்டுமென்றால் தகவல் அறியும் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். 5 வேலை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் இன்னும் 7 வேலை நாள் எடுத்துக்கொள்ளலாம். தேடிக் கொடுப்பதற்குக் கட்டணம் கேட்கலாம் என்பதால், "எல்லா மின்னஞ்சலும் வேண்டும்" என்று கேட்காமல் எந்த மாதம், எந்தப் பள்ளி, எந்த விஷயம் என்று குறிப்பிட்டுக் கேட்டால் செலவு குறையும்.